காசிமாயன் என்பவர் மட்டும்

எங்கள் நிலையத்தில் வாயால் சொன்னது செல்லாது. போர்டில் எழுதியிருந்தால்தான் செல்லும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அங்கே நாற்காலியைத் தேய்த்தவன் குறை சொல்வது நன்றாக இருக்காது.

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் இருந்தது எங்கள் மாநில விழித்திரை ஆய்வு நிலையம். வாசலில் தொடங்கிக் கக்கூஸ் வரைக்கும் நாற்பத்து மூன்று போர்டுகள். 'செருப்பைக் கழற்றவும்', 'சத்தம் போடாதீர்', 'சுவரில் சாயாதீர்', 'மருந்து விட்ட கண்ணோடு படியேறாதீர்'. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'உத்தரவுப்படி' என்று இருக்கும். கண் தெரியாமல் வருகிறவர்களுக்கு எழுதி வைத்து வழி காட்டிய ஆஸ்பத்திரி எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, எதுவும் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிற பெரியவரிடம் பியூன் சோணைமுத்து, "போர்டைப் பாருங்கய்யா, அதுல எல்லாம் போட்டிருக்குல்ல" என்பான். பார்க்க முடிந்தால் அவர் எதற்கு இங்கே வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான் மாடியில் புள்ளியியல் பிரிவில் தட்டச்சர். கேள்வி கேட்பது என் வேலைப் பட்டியலில் இல்லை.

அந்த நாற்பத்து மூன்றையும் எழுதியவர் காசிமாயன். சிம்மக்கல்லில் வெங்காய மண்டிகளுக்கு நடுவில் 'காசி ஆர்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். அண்ணன் தம்பிகள் எல்லாம் விவசாயத்தில் இருக்க, இவர் மட்டும் பிரஷ்ஷோடு மதுரைக்கு வந்துவிட்டார். லாரிக்குப் பின்னால் எழுதுவது, மண்டிப் பெயர் எழுதுவது, கல்யாண பேனர் எல்லாம் அவர்தான். கோடு கிழிக்காமல் எழுதுவார், நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வரி முழுவதையும் புள்ளி இல்லாமல் எழுதி முடித்துவிடுவார். பிறகு பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையைப் பெயிண்டில் தொட்டு, டக் டக்கென்று புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டே போவார். அதைப் பார்க்கவே நான் மாடியிலிருந்து இறங்கி வருவேன்.

எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம். நாற்பத்து நான்காவது போர்டு. 'கண் பரிசோதனைக்குப் பின் அமரவும்' என்பது வாசகம். அவர் புள்ளி வைத்து முடித்ததும் நான் வாசித்துப் பார்த்தேன். 'கண' என்று இருந்தது. ணகரத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளி பக்கத்துப் பகரத்தின் மேல் ஏறி, 'கண ப்ரிசோதனை' ஆகிவிட்டது.

"அண்ணே, புள்ளி தள்ளிப் போச்சு."

அவர் ஏணியிலேயே நின்றார். திரும்பவில்லை.

"நான் வச்ச புள்ளி எது, தானா வந்து நிக்கிற புள்ளி எதுன்னு தெரிய மாட்டேங்குது தம்பி. பத்து நாளாக் கண்ணுக்குள்ள கருப்பாப் பறக்குது. எழுத்து மேல நிக்குதேன்னு பிரஷ்ஷ வச்சா வெலகி ஓடுது."

கண் ஆஸ்பத்திரிக்குப் பதினோரு வருஷமாக வந்து போகிற மனிதர், யாரிடமும் கண்ணைக் காட்டியதில்லை. நான்தான் கையைப் பிடித்து டாக்டர் முத்துத்தாயிடம் கூட்டிப் போனேன். முத்துத்தாய் எங்கள் நிலையத்திலேயே இளைய டாக்டர். நோயாளியை நிமிர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. லென்ஸை வைத்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார்.

"சர்க்கரை இருக்கா அண்ணாச்சி?"

"அது இருக்கு தாயி, பத்து வருஷமா."

"விழித்திரையில ரத்தம் கசியுது. வலது கண்ணு மோசம். இடது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. லேசர் வச்சு அங்கங்க சின்னச் சின்னதாச் சுட்டா நின்னுரும். ஆனா ஒரு மாசத்துக்குள்ள செஞ்சாகணும். தள்ளிப் போட்டா முதல்ல எழுத்து போகும், அப்புறம் வெளிச்சமும் போகும். அடுத்த வாரம் வாங்க, வலதுல தொடங்கிருவோம்."

"எழுத்துப் போனா நான் எதுக்கு ஆவேன் தாயி. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே" என்றார் காசிமாயன்.

அடுத்த வாரம் அவர் வந்தார். அதற்கு முதல் நாள் ஜெர்மன் கருவி வந்துவிட்டது.

மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில், ஆள் உயர மரப்பெட்டியில் வந்தது. அதற்குள்ளிருந்து வரும் மெல்லிய லேசர் ஒளி கண்ணுக்குள் போய், விழித்திரையைப் புள்ளி புள்ளியாகத் தடவி வரும். அந்தப் புள்ளிகளை எல்லாம் சேர்த்து டி.வி. திரையில் படமாகக் காட்டும். வலிக்காது, சுடாது, கண் கூசுகிற அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை. அதைப் பொருத்த வந்த வெள்ளைக்காரர் மூன்று நாள் இருந்து, பன்னிரண்டாம் அறையில் அதை நிறுத்தி, முத்துத்தாய்க்கு இயக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வயிற்றுப்போக்கோடு ஊருக்குப் போனார். நல்ல கருவிதான். அதன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இயக்குநர் டாக்டர் அழகுமலை எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

"இதுவரை நாம் நோயாளியைப் பார்த்தோம். இனிமேல் நோயாளியைக் கருவி பார்க்கும். நாம் கருவியைப் பார்த்தால் போதும். விஞ்ஞானம் நம்மை எவ்வளவு பெரிய சிரமத்திலிருந்து விடுவித்திருக்கிறது என்பதை நீங்கள் உணர வேண்டும். ஆகவே இன்று முதல், லேசர் படம் இல்லாமல் லேசர் சிகிச்சை கிடையாது."

சுடுகிற சிகிச்சைக் கருவி வேறு; அது மூன்று வருஷமாக அதே பன்னிரண்டாம் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. முத்துத்தாய் எழுந்து நின்றார்.

"சார், படம் எடுக்கிற கருவிய எப்ப ஓட்டலாம்?"

"திறந்து வைத்ததும்."

"எப்பத் திறப்போம் சார்?"

"அமைச்சர் தேதி கொடுத்ததும்."

"அதுவரைக்கும் நோயாளிக?"

"காத்திருப்பார்கள். அதற்காகத்தானே அம்மா ஐந்து பெஞ்சு போட்டிருக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருந்த காசிமாயனைப் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "என்ன கோளாறு?" என்றார். "கண்ணுல புள்ளி தெரியுதுங்க" என்றார் இவர். "புள்ளியா? புள்ளியியல் பிரிவு, மாடி" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். 'மருந்து விட்ட கண்ணோடு படியேறாதீர்' என்று தான் எழுதிய போர்டைக் கடந்து, கைப்பிடியைத் தடவிக்கொண்டு அவர் எங்கள் பிரிவுக்கு ஏறி வந்தார்.

எங்கள் பிரிவுத் தலைவர் நல்லகாமன். அவருக்கு நோயாளி என்று ஒருவர் நேரில் வந்தது சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. மிகவும் சந்தோஷப்பட்டார். புதுப் படிவம் எடுத்தார்.

"எத்தனை புள்ளி?"

"எண்ண முடியலீங்க."

"சராசரியாச் சொல்லுங்க. காலையில எம்புட்டு, மத்தியானம் எம்புட்டு, சாயங்காலம் எம்புட்டு. ஒரு வாரம் குறிச்சிட்டு வாங்க."

"அது நிக்க மாட்டேங்குதுங்கய்யா. ஓடிக்கிட்டே இருக்கு."

நல்லகாமன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓடுற புள்ளிக்கு இந்தப் படிவத்துல எடமே இல்லையே. நின்னதும் வாங்க."

இது எங்கள் பிரிவில் நடந்தது. நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் தேதி வந்தது. ஆடி ஆறு. காசிமாயனைக் கூப்பிட்டு 'லேசர் படக் கருவித் திறப்பு விழா' என்று பெரிய பேனர் எழுதச் சொன்னார்கள், தேதியோடு. எழுதி முடித்தார். ஆடியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா என்று இயக்குநர் வீட்டில் கேட்டுவிட்டார்களாம். ஜெர்மன்காரனுக்கு ஆடி ஏது ஆவணி ஏது என்று முத்துத்தாய் சொல்லிப் பார்த்தார். "கருவி இப்போது மதுரையில்தானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார் இயக்குநர். ஆவணி ஒன்பது என்று தேதி மாறியது. காசிமாயன் பழைய தேதியின் மேல் வெள்ளையடித்துப் புதுத் தேதி எழுதினார். ஆவணியில் அமைச்சருக்கு டெல்லியில் வேலை வந்தது. மறுபடி வெள்ளை, மறுபடி தேதி. புரட்டாசியில் அமைச்சருக்குப் பல் வலி. தன் கண் சிகிச்சை தள்ளிப் போவதைத் தானே தேதி போட்டு எழுதுகிற வேலை அவருக்கு வாய்த்தது. மூன்றாவது தடவை எழுதிய தேதி இடது பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது.

எழுத்து வேலை இல்லாத நாளிலும் சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்துவிடுவார். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. வந்து பெஞ்சில் உட்காருவார், எழுந்திருப்பார், நடப்பார், மறுபடி உட்காருவார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் 'சத்தம் போடாதீர்' போர்டைப் பார்ப்பார். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்.

"நீங்க எழுதுனதுதானே, மனப்பாடமா இருக்குமே" என்றேன் ஒருநாள்.

"எழுத்த யாரு பாக்குறா. தீ-க்கு அப்புறம் ர் இருக்குல்ல, அது மேல நான் வச்ச புள்ளி தெரியுதான்னு பாக்குறேன் தம்பி."

ஆனியில் ஐந்தாவது பெஞ்சிலிருந்து அந்தப் புள்ளி அவருக்குத் தெரிந்தது. ஆடிக் கடைசியில் நான்காவது பெஞ்சுக்கு வந்தார். ஆவணியில் மூன்றாவது. புரட்டாசியில் இடது கண்ணால் இரண்டாவது பெஞ்சிலிருந்து பார்த்தார். வலது கண்ணைப் பொறுத்தவரை பெஞ்சுகள் தீர்ந்துவிட்டன. முத்துத்தாய் அந்தப் பக்கம் போகும்போது குனிந்த தலை நிமிராமல் போக ஆரம்பித்தார். நோயாளியைப் பார்க்கிற பழக்கம் அவருக்கும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை மட்டும் குறித்த தேதியில் நடக்கும். என் தட்டச்சுப் பொறிக்கு, ஜீப்புக்கு, எடை பார்க்கும் கருவிக்கு, நல்லகாமனின் ஸ்கேலுக்கு எல்லாம் பொட்டு. சோணைமுத்து சந்தனக் கிண்ணத்தோடு பன்னிரண்டாம் அறைக்குள் போய், பிளாஸ்டிக் உறையை நீக்கிவிட்டு ஜெர்மன் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதுக்கு நெத்தி எதுண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் வட்டமாக, பளபளவென்று ஒரு கண்ணாடி இருந்தது. "மூஞ்சி மாதிரி இருக்கது இதுதான்" என்று அவனே முடிவு செய்து, அதன் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். உறையை மூடினோம். 'கருவியைத் தொடாதீர்' என்று போர்டு இருந்ததால் அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

ஐப்பசியில் அமைச்சர் வந்தேவிட்டார். ரிப்பன் வெட்டினார். முதல் படம் அவருடைய கண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து, தாடையை அதற்கான இடத்தில் வைக்கப் போனவர் சட்டென்று பின்வாங்கினார்.

"சுடுமா?"

"சுடாதுங்கய்யா. பார்க்க மட்டும்தான் செய்யும்" என்றார் இயக்குநர்.

"நல்லாப் பாத்துக்கங்க, எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

விசையை அழுத்தினார்கள். டி.வி. திரையில் படம் வந்தது. ஓரத்தில் மெலிதாக நாலு ரத்தக் குழாய். நட்டநடுவில் இட்லி அளவுக்கு ஒரு கருவட்டம்.

"அது என்ன, நடுவுல கருப்பா?" என்றார் அமைச்சர்.

இயக்குநர் முந்திக்கொண்டார். "ஐயா, அதுதான் மையம். எல்லோருக்கும் இவ்வளவு பெரிதாக அமையாது."

அமைச்சருக்கு முகம் மலர்ந்தது. பிறகு மேடையில் பேசினார்: "லேசர் என்றார்கள். லேசான காரியம் என்று நினைத்து வந்தேன். இங்கே வந்துதான் என் கண்ணின் மையம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷப் பொதுவாழ்வில் நான் எந்தக் கோப்பையும் பிரித்துப் பார்த்ததில்லை, நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ணை அப்படிச் சேதாரமில்லாமல் பாதுகாத்ததன் பலன்தான் இது."

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினார்கள். யாரோ பழக்க தோஷத்தில் அதற்கு மாலை போட்டுவிட, உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலையா என்று இயக்குநர் ஓடி வந்து கழற்றினார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். 'மாண்புமிகு அமைச்சர் அவர்களின் விழித்திரையே ஆரோக்கியத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படும். மையக் கருவட்டம் உள்ளோர் நலமுடையோர். அவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை.'

முதல் வாரம் அறுபத்தொரு பேருக்குப் படம் எடுத்தார்கள். அறுபத்தொரு பேருக்கும் கருவட்டம் இருந்தது. அறுபத்தொரு பேரையும் நலம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பேரை ஒரே வாரத்தில் குணப்படுத்தியதில்லை என்று நல்லகாமன் வரைபடம் போட்டார்.

ஆறாவது நாள் காசிமாயனின் முறை. தாடையை வைத்ததும் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"சந்தன வாசம் வருது தாயி."

முத்துத்தாய் கருவியின் முன்பக்கத்துக்குக் குனிந்தார். காய்ந்து வெடித்த சந்தனம், அதன் மேல் குங்குமம். பிறகு விடுவிடுவென்று இயக்குநர் அறைக்குப் போனார். நான் கோப்போடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், கண்ணாடியில பொட்டு இருக்கு. துடைச்சிட்டு எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும்."

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். "துடைத்தால் வட்டம் போய்விடும். வட்டம் இல்லாதவருக்கு நோய் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அப்படியென்றால் அமைச்சருக்கு நோய். ஒரு துணியை எடுத்து அமைச்சருக்கு நோய் வரவழைக்கச் சொல்கிறீர்களா, டாக்டர்?"

முத்துத்தாய் வெளியே வந்தார். பெஞ்சில் காசிமாயன் உட்கார்ந்திருந்தார், கையில் 'நலம்' என்று எழுதிய சீட்டு. முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டிருந்தார். வலது கண்ணுக்கு விளக்கு எரிகிறதா அணைந்ததா என்பது மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணாச்சி, இடது கண்ண இப்பக்கூடக் காப்பாத்திரலாம். இந்த மாசம் விட்டா அதுவும் இல்ல. செய்ய நான் தயார். ஆனா எழுத்துல ஒண்ணு இல்லாம சோணைமுத்து உங்கள உள்ள விட மாட்டான். மீறிச் செஞ்சா நாளைக்கே என்னைய ராமநாதபுரத்துக்குத் தூக்கிருவாக. அடுத்து வர்றவரு பொட்டக்கூடப் பாக்க மாட்டாரு."

"எழுத்துலயா?" என்றார் காசிமாயன்.

"எழுத்துலதான்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு போர்டு வேலை இருந்தது. அமைச்சர் வந்த பிறகு பன்னிரண்டாம் அறைக்கு மரியாதை கூடிவிட்டதால், கதவின் மேல் 'அனுமதி பெற்றவர் மட்டும் உள்ளே வரவும். உத்தரவுப்படி' என்று எழுத வேண்டும். வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சனிக்கிழமை அரை நாள், ஆஸ்பத்திரி காலியாகிவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உத்தரவுப்படி உத்தரவுப்படின்னு இத்தன வருசமா எழுதுறேனே, யாரு உத்தரவு அது?"

"யாருக்கும் தெரியாதுண்ணே. எல்லாப் போர்டுலயும் கடைசியில வரும், அம்புட்டுத்தான்."

"அப்ப எழுதுறவன் உத்தரவுதான்."

அவர் எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்து 'கா' என்று வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 'அ'வில் தொடங்க வேண்டிய வாசகம். ஏணியை விட்டுவிட்டு மாடிக்கு ஓடியிருக்கலாம். நிறுத்துங்கண்ணே என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. எழுத்தைப் பழக்கத்திலேயே எழுதிவிட்டார். புள்ளி வைக்கும்போதுதான் திணறினார். கண்ணுக்குள் பறக்கிற புள்ளிகளுக்கு நடுவே எந்த எழுத்தின் தலை எது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஏணியில் இரண்டு படி ஏறி, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துக் காட்டினேன். விரலை எடுத்த இடத்தில் அவர் வைத்தார். பதினோரு வருஷத்தில் அந்த ஆபீஸில் நான் பார்த்த வேலை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை சோணைமுத்து போர்டை உரக்க வாசித்தான்.

"காசிமாயன் என்பவர் மட்டும் உள்ளே வரவும். கண்ணாடி தினமும் துடைக்கப்படும். சிகிச்சை உடனே அளிக்கப்படும். உத்தரவுப்படி."

காசிமாயன் அவன் முன்னால் போய் நின்றார். பதினோரு வருஷப் பழக்கம், அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவன்.

"பேரு?" என்றான் சோணைமுத்து.

"காசிமாயன்."

அவன் திரும்பிப் போர்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தான். "சரியாத்தான் இருக்கு. உள்ள போங்கண்ணே" என்று கதவைத் திறந்தான்.

முத்துத்தாய் வாசலில் நின்று போர்டை இரண்டு தடவை வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். "போர்டுல போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, பஞ்சைத் திரவத்தில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்குத்தான் ஜெர்மன் கருவி முதன்முதலாக ஒரு கண்ணைப் பார்த்தது. திரையில் காசிமாயனின் இடது விழித்திரை, கசிந்த ரத்தம் அங்கங்கே தெறித்துக் கிடக்க, துலக்கமாகத் தெரிந்தது. எங்கே சுட வேண்டும், எங்கே கூடாது என்று அந்தப் படம் காட்டியது. பக்கத்துக் கருவியில் உட்கார வைத்து, புள்ளி புள்ளியாகச் சுட்டார்.

பத்து மணிக்கு இயக்குநர் வந்தார். போர்டின் கீழே வெகுநேரம் நின்றார்.

"இது யார் உத்தரவு?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்கிற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியதைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாமல் இந்த நிலையத்தில் ஓர் உத்தரவு வர முடியுமா?" என்றார் மெதுவாக. "முடியாது. ஆகவே எனக்குத் தெரியும். இருக்கட்டும்."

போர்டை எடுக்க வேண்டுமென்றால் எந்த உத்தரவின் பேரில் மாட்டியது என்று கோப்பு வேண்டும். கோப்பு இல்லை. ஆகவே போர்டு நிரந்தரமாகிவிட்டது.

காசிமாயனுக்கு இன்னும் இரண்டு தடவை சுட வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை முடிந்து, மருந்து விட்ட கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த மலையம்மாள் இருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். நாற்றும் களையும் ஒன்றாகத் தெரிகிறது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஐப்பசியில் நலம் என்று அனுப்பப்பட்ட அறுபத்தொரு பேரில் அவளும் ஒருத்தி. காசிமாயன் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அவள் எழுந்து பன்னிரண்டாம் அறைக்குப் போனாள்.

"பேரு?" என்றான் சோணைமுத்து.

"காசிமாயன்."

சோணைமுத்து அவளைப் பார்த்தான். அவள் கழுத்தில் கிடந்த தாலிக் கயிற்றைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போர்டைப் பார்த்தான். போர்டில் ஆணா பெண்ணா என்று எதுவும் போடவில்லை.

"சரியாத்தான் இருக்கு. உள்ள போத்தா."

அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயரே ஆகிவிட்டது. அறுபத்தொரு பேரில் ஐம்பத்து நான்கு பேர் திரும்பி வந்தார்கள். மீதி ஏழு பேரைத் தேடிக் கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. அதைப் பற்றி நான் வேடிக்கையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

வருஷக் கடைசியில் அறிக்கை தயாரானது. அட்டவணையைத் தட்டச்சு செய்தவன் நான். சிகிச்சை பெற்றோர் 412. ஆண் காசிமாயன்கள் 225. பெண் காசிமாயன்கள் 187. நல்லகாமன் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் தவித்ததாகச் சொன்னார். "தம்பி, எண்ணு பொய் சொல்லாது. இந்த நோவு ஒரே பேருக்காரங்களத்தான் தாக்குது. இதக் கண்டுபிடிச்சது உலகத்துலயே நம்ம பிரிவுதான்."

ஆண்டு விழாவில் இயக்குநர் பேசினார்: "உலக விஞ்ஞானிகள் இந்த நோய்க்குச் சர்க்கரைதான் காரணம் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நமது நிலையம் உண்மைக் காரணத்தை நெருங்கிவிட்டது. பெயரைத் தடுத்தால் நோயைத் தடுத்துவிடலாம். இதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், டாக்டர்கூட வேண்டாம். இதற்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம்."

தடுப்புத் திட்டத்தின் முதல் கட்டமாக, பிரசவித்த பெண்களும் பார்க்கும்படி ரோட்டைப் பார்த்த சுவரில் பெரிய போர்டு வைக்க முடிவானது. காசிமாயனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் தை மாதக் காலையில், பெயிண்ட் டப்பாவோடு சைக்கிளில் வந்தார். சைக்கிள் ஓட்டுகிற அளவுக்குத் தேறியிருந்தார். வலது கண் போனது போனதுதான்.

நான் வாசகத்தைக் கொடுத்தேன். இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். 'குழந்தைகளுக்கு வைக்கக் கூடாத பெயர்: காசிமாயன். உத்தரவுப்படி.'

"எங்க தாத்தா பேரு இது" என்றார். "அவருக்கும் முன்னாடி அவுக தாத்தா பேரு." ஏணியில் ஏறினார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். புள்ளி இல்லாமல் முழுவதையும் எழுதி முடித்தார், நூல் பிடித்த மாதிரி. பிறகு பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்தார். நான் விரல் காட்டுவதற்காக ஒரு படி ஏறினேன்.

"நீங்க இறங்குங்க தம்பி" என்றார்.

டக் டக்கென்று வைத்துக்கொண்டே போனார். 'காசிமாயன' வரைக்கும் வந்து நின்றார். வெறும் னகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் தலைக்கு மேல், சரியாக நடுவில், ஒரு புள்ளி வைத்தார். கையை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து, அது எங்காவது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"நின்னுருச்சு தம்பி" என்றார்.